நலம் விசாரிக்காத ஹினேஸ்

எங்கள் ஊரில் ஹினேஸின் வெள்ளைக் கார் யார் வீட்டு வாசலில் நின்றாலும் அக்கம்பக்கத்தார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதனால் மற்ற நாட்களில் அவர் காரைத் தெருமுனையில், மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். பனி கொட்டினாலும் அப்படித்தான்.

அவர் வேலை சாவு இன்சூரன்ஸ். இங்கே குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்பே அதன் பெயரை ஹினேஸிடம் எழுதி வைத்துவிடுவார்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் வீடு வீடாக வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார். பதிலுக்கு நாம் கண்ணை மூடும் நாளில் சவப்பெட்டி, வண்டி, மலர்வளையம், பேக்கரிச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு, பூசை எல்லாம் அவர் பொறுப்பு. பேசாமல் வங்கியிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது பிடிக்காது. நம்மைப் புதைக்கப் போகிற மனுஷனின் முகத்தை மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்பார்கள்.

ஹினேஸுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரையும் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பேக்கரிக்காரரிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டாராம். அந்த மனுஷன் கடையைச் சாத்திவிட்டு நேராக டாக்டரிடம் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஹினேஸ் வெயிலைப் பற்றிப் பேசுவார், குங்குமப்பூ விளைச்சலைப் பற்றிப் பேசுவார், பக்கத்து நகரமான அல்பசேத்தேயின் கால்பந்து அணி தோற்றதைப் பற்றிப் பேசுவார். உடம்பைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டார். யாராவது இருமினால்கூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண்ணோடு நிச்சயமாகி, அவளுடைய அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தன்னைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளை கண்ணாலேயே உயரம் அளக்கிறான் என்பது அவள் புகார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கணவர் இறந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹினேஸ் அங்கே இருந்தார். என் கணவரின் கால்களில் இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்குப் போய் அவருடைய நல்ல ஷூவை எடுத்து வந்து, பாலிஷ் போட்டு மாட்டிவிட்டார். அதை நான் மறக்கவே மாட்டேன். அதற்காக அவரைத் திட்டாமல் இருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் பெண்களுக்கு முடிவெட்டும் பார்லர் வைத்திருக்கிறேன். என் பெயர் யானோஸ். என்னோடு வேலை செய்கிறவள் நிமியா. பராகுவேயிலிருந்து இளவயதிலேயே வந்து, உழைத்து, இந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். சாயம் அடிப்பதில் அவள் கைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஈடு கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான், அவள் அப்பா எலாடியோ. கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷர். மனைவி இறந்தபின் அங்கே தனியாக இருந்தார். ஒருநாள் முற்றத்தில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்து, மறுநாள் பால்காரர் வந்து பார்த்துத்தான் தூக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று நிமியா சாயக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். உடனே விமானச் சீட்டு எடுத்து அப்பாவை வரவழைத்தாள்.

வந்தது சுற்றுலாப் பயணியாக. நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் வசிப்பு அட்டை வேண்டும். மகள் இந்நாட்டுக் குடிமகள் என்பதால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அரசாங்க மருத்துவ அட்டை கிடையாதாம், தனியார் இன்சூரன்ஸ் இருந்தால்தான் கோப்பு நகருமாம். நிமியா இதை என் பார்லரில் சொன்னபோது கசில்டா தலையில் ரோலர்களோடு உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியும்.

"இன்சூரன்ஸ்தானே? இதுக்குப் போயா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற?" என்றாள் கசில்டா. "அதான் செவ்வாக்கிழமை ஹினேஸ் வருவாரே. ஊர்ல எல்லாரும் அவர்கிட்டதான் வச்சிருக்கோம்."

"அது சாவுக்கு இல்லையா அக்கா?" என்றாள் நிமியா.

"சாவுக்கு மட்டும்னு யாருடி சொன்னது? புது பாலிசியில பல் டாக்டர் இருக்கு, கண்ணாடி இருக்கு, ஸ்பெஷலிஸ்டுக்குத் தள்ளுபடி இருக்கு. எம் முழங்காலுக்கு அதுலதான் போனேன்."

ஹினேஸ் வந்ததும் கேட்டோம். அவர் சாம்பல் நிறக் கோட்டின் பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருமையாக விரித்தார். குடும்பப் பாலிசி, எல்லாம் அடங்கியது. டாக்டர் தள்ளுபடி உண்டு, இருபத்துநாலு மணி நேரமும் போன் உண்டு, வெளிநாட்டவர் என்றால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கும் செலவும் உண்டு.

"வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே போட்டிருக்கான் பாருங்க," என்றார். "இதைவிட என்ன வேணும்?"

எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிறந்ததிலிருந்து எங்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் ஹினேஸ்தான். உடம்புக்கு வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம், உயிர் போனால் ஹினேஸிடம் போவோம். நடுவில் இன்னொரு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது எங்களில் யாருக்குத் தெரியும்? நிமியா கையெழுத்துப் போட்டாள். எலாடியோவும் போட்டார். ஹினேஸ் அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், "இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துடுச்சு," என்றார்.

அல்பசேத்தேயில் வசிப்பு அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்கு நானே காரில் அழைத்துப் போனேன். எலாடியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குளித்து, சட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்துத் தலையாட்டினாள். பாலிசிக்கு வந்ததும் நிறுத்தினாள். புரட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"ஐயா," என்றாள் மெதுவாக, "இதை வச்சு உங்களை இங்க நல்லபடியா புதைக்கலாம். வாழ வைக்க முடியாது."

எலாடியோ தலையை ஆட்டினார். அவருக்கு அது பாதிதான் புரிந்தது. நிமியாவுக்கு முழுதும் புரிந்து கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் நல்லவள், பாவம். ஒரு துண்டுத் தாளை எடுத்து என்ன வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். இந்த நாட்டில் அனுமதி பெற்ற கம்பெனியாக இருக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும் அடங்க வேண்டும். டாக்டரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கையிலிருந்து கட்டுகிற ஏற்பாடு கூடாது. முதல் சில மாதம் இதற்குக் கிடையாது, அதற்குக் கிடையாது என்ற காத்திருப்பும் கூடாது. இரண்டு வாரத்துக்குள் கொண்டு வந்து கொடுங்கள் என்றாள். பிறகு எலாடியோவின் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் பாருங்க. எழுபது ஆயிட்டா நிறையப் பேர் புதுசா சேத்துக்க மாட்டாங்க," என்றாள். அவருக்கு எழுபது அடுத்த மாதம்.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில்தான் எலாடியோ வாயைத் திறந்தார். "பெட்டியை இன்னும் பிரிக்கலை மகளே. அது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு," என்றார். நிமியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் நேராக ஹினேஸ் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

அவர் வாசலில் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா?" என்றேன். "உயிரோட இருக்க இடம் கேட்டா, குழி தோண்டிக் குடுத்திருக்கீங்களே!"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் அவருடைய கோட்டின் நிறத்துக்கு மாறியது. தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். காருக்குள் இருந்த எலாடியோவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் பாக்கறேன் யானோஸ். எனக்கு அந்த விஷயம் தெரியாது. ஆனா தெரிஞ்சுக்கறேன்."

"நீங்க பாத்த வரைக்கும் போதும்," என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த ஷூ ஞாபகம் வந்ததால் விழுங்கிவிட்டேன்.

அதன்பின் ஹினேஸ் தினமும் அல்பசேத்தேக்குப் போய் வந்தார். சாயங்காலம் கொட்டகைப் பக்கம் காரை விட்டுவிட்டு, பை நிறைய விளம்பரத் தாள்களோடு என் பார்லருக்கு நடந்து வருவார். தலை காயவைக்கும் இயந்திரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே அவற்றைப் பரப்பி வைப்பார். சாவுக்காரர் தினமும் வருகிறாரே என்று இரண்டு வாடிக்கைக்காரிகள் வரவை நிறுத்திவிட்டார்கள். போனால் போகட்டும் என்று விட்டேன்.

"இது ரொம்ப மலிவா இருக்கே," என்று ஒன்றை எடுத்தாள் கசில்டா.

"அது ஆகாது. ஒவ்வொரு தடவை டாக்டரைப் பாக்கறப்பவும் கையிலிருந்து குடுக்கணும். அதான் மலிவு."

"அப்ப இது? அழகா குடும்பப் படம் எல்லாம் போட்டிருக்கான்."

"ஆபரேஷனுக்கு எட்டு மாசம் காத்திருக்கணும். அதுவும் ஆகாது."

"இது?"

"அது சுற்றுலா வர்றவங்களுக்கு. கால் உடைஞ்சா கட்டுப் போட்டு விமானத்துல ஏத்தி விட்ருவான்."

"சரி, இது பரவாயில்லையே, எல்லாம் இருக்கு."

"அறுபத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டான்."

கசில்டா கண்ணாடியில் தன் ரோலர்களைப் பார்த்துக்கொண்டு, "நம்ம வயசுக்கு எவனுமே கதவைத் திறக்க மாட்டான் போல. ஹினேஸ், உங்க கம்பெனிதான் வயசு கேக்காம வரவேற்குது," என்றாள். ஹினேஸைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அவர் அடுத்த தாளை விரித்தார். அவர் இப்படி வியர்த்து வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. சாவு விஷயத்தில் அவருக்கு எல்லாம் மனப்பாடம், நிதானமாகச் செய்வார். இது அவருக்குப் புதுப் பாடம்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. கையிலிருந்து கட்டுவது கிடையாது. காத்திருப்பு கிடையாது, அதை எழுத்தில் தனியாகச் சான்றிதழாகவே கொடுப்பார்களாம். எழுபது ஆவதற்குள் சேர்ந்துவிட்டால் போதும். ஒரே ஒரு சிக்கல், உடல்நலக் கேள்விகள். பதிலைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பதா தள்ளுவதா என்று சொல்வார்கள்.

"கேள்வியை யாரு கேப்பா?" என்றேன்.

ஹினேஸ் டையைத் தளர்த்தினார். "நான்தான்."

நிமியாவின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். நான், கசில்டா, நிமியா, ஹினேஸ், எலாடியோ. எலாடியோ வழக்கம்போலத் தன் கொம்புக் குவளையில் மூலிகை இலையைப் போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். அவர்கள் ஊரில் ஒரே குழாயை எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். அவர் ஹினேஸிடம் நீட்டினார். ஹினேஸ் மரியாதையாகக் கையைக் கூப்பி மறுத்தார்.

பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "இப்ப... ஒருத்தருக்கு... நெஞ்சுல வலி மாதிரி ஏதாவது..."

"எந்த ஒருத்தருக்கு?" என்றார் எலாடியோ.

"உங்களுக்குத்தான் ஐயா."

"அப்ப எனக்குன்னு கேளுங்களேன். பயப்படாதீங்க, நான் கடிக்க மாட்டேன்."

கசில்டா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். ஹினேஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக நிமிர்ந்து, அந்தப் பேக்கரிக்காரருக்குப் பிறகு முதல்முறையாக ஒரு உயிருள்ள மனுஷனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு உடம்புல என்ன செய்யுது?"

கேட்டதுதான் தாமதம், எலாடியோ மடை திறந்துவிட்டார். சின்ன வயதில் கோவேறு கழுதை உதைத்தது, சர்க்கரை ஆலையில் விரல் நுனி போனது, பாம்பு கடித்தது, பாம்பு கடித்ததற்கு மச்சான் புகையிலை வைத்துக் கட்டியது, அந்த மச்சான் பிறகு வட்டிக்கு விட்டுப் பணக்காரனானது என்று போய்க்கொண்டே இருந்தது. நிமியா தலையில் கைவைத்துவிட்டாள். ஹினேஸ் எதையும் விடாமல் எழுதினார்.

"அப்பா, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கப்பா."

"கேட்டாருல்ல? என்ன செய்யுதுன்னு கேட்டாரு."

அடுத்து இரத்த அழுத்தம் என்ற கேள்வி வந்தது. அவர் தினமும் மாத்திரை போடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கசில்டாதான் முதலில் பேசினாள். "இல்லைன்னு போடுங்க ஹினேஸ். மாத்திரையை அந்த ஊர்லதானே வாங்கினார், இங்க யாருக்குத் தெரியப் போகுது?"

நிமியா அப்பாவைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவள் அப்பா இங்கே இருப்பதும் போவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

எலாடியோ குவளையைக் கீழே வைத்தார். "உங்கம்மா உன்கிட்ட போன்ல பேசறப்பல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொன்னா. நீ கவலைப்படக் கூடாதாம். நானும் கூட நின்னு ஆமாம்னேன்," என்றார். "அப்புறம் நீ வந்து சேந்தப்ப என்ன இருந்துச்சு? அவ குழிதான். போதும் மகளே. இருக்கறதை எழுதுங்க ஐயா. வேண்டாம்னு சொன்னா திரும்பிப் போறேன்."

ஹினேஸ் எழுதினார். எழுந்து போகும்போது, "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றார் என்னிடம். "மறைச்சா இன்னைக்குச் சேத்துக்குவான். ஆஸ்பத்திரியில படுக்கறப்ப கையை விரிச்சுடுவான்."

பிறகு காத்திருந்தோம். நாள் ஓடியது. பதில் வரவில்லை. நிமியா ஒரு வாடிக்கைக்காரிக்குப் பழுப்புக்குப் பதில் செம்பு நிறம் அடித்துவிட்டாள். அந்த அம்மாள் நல்லவேளையாக அதுவே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எலாடியோ பகலில் வீட்டில் தனியாக இருப்பார், மூடிய பெட்டியைக் கட்டில் அருகே வைத்துக்கொண்டு. அவருக்குத் தலைசுற்றல் வேறு வந்திருந்தது. காலையில் கிளம்பும்போது நிமியா இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கதவைத் தள்ளிக்கொண்டு கசில்டா வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள், நிமியாவைப் பார்க்கவில்லை.

"யானோஸ்... ஹினேஸ் கார்..."

"என்ன கார்?"

"நிமியா வீட்டு வாசல்ல நிக்குது. குறுக்கால விட்டுட்டு உள்ள ஓடினாராம். கதவைக்கூட மூடலை."

நிமியாவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. ஏப்ரனோடு, ரப்பர்க் கையுறையோடு, அப்படியே தெருவில் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். என் வாடிக்கைக்காரி ஒருத்தி தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்தாள், அவளை நான் நினைக்கக்கூட இல்லை. ஓடும்போதே தெருவில் ஜன்னல்கள் திறந்தன. பேக்கரிக்காரரின் மருமகள் நிமியாவைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். பாவி மகள், அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். நிமியாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார் நின்றது. வாசலை மறித்துக்கொண்டு, கதவு திறந்தபடி. அதற்குள் இரண்டு பெண்கள் கருப்புச் சால்வை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருத்தி நிமியாவைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். நிமியா அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

சமையலறையில் எலாடியோவும் ஹினேஸும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கொம்புக் குவளை ஹினேஸ் கையில் இருந்தது. அந்தக் குழாயில் வாயை வைத்து ஐஸ் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குவளையோடு எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, "சேத்துக்கிட்டாங்க!" என்றார். "மாத்திரையோட சேத்துக்கிட்டாங்க! கொஞ்சம் கூடக் கட்டணும், அவ்வளவுதான். சான்றிதழ் கையிலயே இருக்கு!"

நிமியா அப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தை, தோளை, கையை. பிறகு ஹினேஸ் பக்கம் திரும்பி ரப்பர்க் கையுறையாலேயே அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"காரை எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று அலறினாள். "காரை எங்க நிறுத்தியிருக்கீங்க நீங்க?"

ஹினேஸுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கருப்புச் சால்வைகள் இப்போது ஏழெட்டாகி இருந்தன. இத்தனை வருட வேலையில் ஒருநாளும் மறக்காத மனுஷர், சந்தோஷத்தில் மறந்துவிட்டார். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நிமியா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நிம்மதி என்பது இத்தனை களைப்பாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எலாடியோதான் எழுந்து வாசலுக்குப் போனார். துக்கம் கேட்க வந்த பெண்கள் அவரைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"வாங்கம்மா, வாங்க," என்றார். "செத்தவனே கூப்பிடறேன், உள்ள வாங்க."

ஒருத்தி துக்க வீட்டுக்கென்று மாவுக் கஞ்சியும் பொரித்த பன்றி இறைச்சியும் சட்டியோடு கொண்டு வந்திருந்தாள். திருப்பி எடுத்துப் போவதா என்று யோசித்தாள். "வச்சுட்டுப் போடி, உயிரோட இருக்கறவங்களுக்கும் பசிக்கும்," என்று கசில்டா அதைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். எல்லோரும் ஒரே சட்டியில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டோம். நான் பார்லருக்குத் திரும்பிப் போனபோது நுரையோடு உட்கார்ந்திருந்தவள் தானே தலையைக் கழுவிக்கொண்டு போய்விட்டிருந்தாள். முன்னதாக, நிமியா வீட்டிலிருந்து கிளம்பி அவள் அப்பாவின் அறையைக் கடக்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். எலாடியோவின் பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. பாதிச் சட்டைகள் அலமாரியில் தொங்கின.

அல்பசேத்தே அலுவலகத்தில் அதே பெண்தான் இருந்தாள். சான்றிதழைப் படித்தாள், முத்திரை குத்தினாள். "இதை வச்சு வாழலாம்," என்றாள் எலாடியோவிடம். இந்த முறை அவருக்கு முழுதும் புரிந்தது.

அட்டை கைக்கு வந்த மாதம், முதல் செவ்வாய்க்கிழமை, ஹினேஸ் என் பார்லருக்கு வந்தார். கார் கொட்டகைப் பக்கத்தில்தான் நின்றது, நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன். எலாடியோ கல்லாவுக்குப் பக்கத்தில் தன் குவளையோடு உட்கார்ந்திருந்தார். ஹினேஸ் பையிலிருந்து பழைய பாலிசியை எடுத்தார், அந்தச் சாவுப் பாலிசியை.

"இதை ரத்து பண்ணிடலாம் ஐயா. என் தப்பு. கட்டின பணத்தைத் திருப்பி வாங்கித் தர்றேன்."

எலாடியோ அதை வாங்கிப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் இதை வச்சிருக்காங்களா?"

"எல்லாரும்."

"அப்ப எனக்கும் இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துங்க. உடம்பைப் பராகுவேக்கு அனுப்பறதுன்னு போட்டிருக்கே, அதை எடுத்துடுங்க. என் மக இங்கதான் இருக்கா."

நிமியா தலை காயவைக்கும் இயந்திரத்தை அணைத்தாள். ஹினேஸ் பாலிசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எப்போதும் போல வெயிலைப் பற்றியோ குங்குமப்பூவைப் பற்றியோ பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கு," என்றார். "இப்ப எப்படி இருக்கீங்க?"

கசில்டா ரோலர்களோடு நிமிர்ந்தாள். எலாடியோ மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி குவளையில் தண்ணீர் ஊற்றினார்.

"நல்லா இருக்கேன். தலைசுத்தல் போயிடுச்சு," என்று சொல்லிக் குவளையை நீட்டினார். "நீங்க எப்படி இருக்கீங்க ஹினேஸ்?"

அந்தக் கேள்வியை இந்த ஊரில் அவரிடமும் யாரும் கேட்டதில்லை. அவர் குவளையை வாங்கி, குழாயை வாயில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"முழங்கால் கொஞ்சம் வலிக்குது," என்றார்.

"உக்காருங்க அண்ணே," என்றேன் நான். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.